நாற்பத்தோராவது நிமிடம்

கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுக்க வேண்டும், அதன் பிறகு உங்கள் மனைவியால் பேச முடியாது என்று கையெழுத்து வாங்கும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக் அதற்குத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தமும் கூடவே போய்விடும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை காணாமல் போயிருக்கிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. வீட்டுக்கு வந்தால் அந்தக் குரலைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்வாள். அவருடைய மேலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுவதையும், மாடி வீட்டுக்காரர் போனில் கத்துவதையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். அவருக்குப் புரிந்து சிரிப்பதற்குள் அவள் அடுத்ததற்குப் போயிருப்பாள். சில நாள் மறுநாள் காலை சவரம் செய்யும்போதுதான் அவருக்குச் சிரிப்பு வரும். அதனால் அவருக்கு டியூப்லைட் என்று பெயர்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் கழுத்தின் அடியில் ஒரு துளை இருந்தது. துளைக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் கழற்றிக் கழுவக்கூடிய ஓர் உள்குழாய், அதன் மேல் தொங்கும் ஈரத்துணி. மூச்சு இனி அந்த வழியாகத்தான். துணி காயக் கூடாது, காய்ந்தால் சளி உள்ளேயே இறுகிவிடும் என்று நர்ஸ் மூன்று முறை சொல்லி, அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர் கையைப் பிடித்துச் செய்ய வைத்துக் காட்டியிருந்தாள்.

ஒத்தாசைக்கு அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். பத்து நாளைக்கு என்று ஒரு பையோடு வந்தவள் இரண்டு மாதமாகியும் கிளம்பவில்லை. புருஷன் போனபின் அவளுக்கும் தனி வீடு கசந்திருந்தது. பார்க்க வந்தவர்கள், காதும் போய்விட்டதைப் போல, அவர் மனைவியிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். எல்லாம் ஒரு காரணத்துக்குத்தான் நடக்கிறது என்றார்கள். அக்கா காலையிலேயே டிவியில் ஆன்மிகச் சொற்பொழிவைப் போட்டுவிடுவாள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனில் தட்டினால் அது தன் இஷ்டத்துக்கு வார்த்தையை மாற்றுகிறது என்று, பேசுவதற்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வைத்திருந்தாள். அதிலும் அப்போதெல்லாம் 'தண்ணி', 'வேணாம்' இரண்டுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது ரிமோட் அவள் கையில் இருந்தது. டிவியில் மொட்டைத் தலை ஆள் ஒருவன் வெறும் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கடவுள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு திட்டம் வச்சிருக்காராம். எங்க அப்பாவுக்கு வச்ச திட்டம் என்ன தெரியுமா? பாத்ரூம்ல வழுக்கி விழுறது. அறுபத்தெட்டு வருஷம் உக்காந்து யோசிச்சிருக்காரு, பாவம்!"

அவள் சட்டென்று முன்னால் குனிந்தாள். தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடவென்று எழும்பி, துளையிலிருந்து புஸ் புஸ் என்று காற்று வந்தது. சளி உறிஞ்சும் மெஷினை எடுக்க ஓடினார். அவள் பின்னாலேயே வந்து பலகையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'சிரிக்கிறேன்யா. வந்து உக்காரு.'

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. அவர் வந்து கைகால் கழுவியதும் ஒரு மணி நேரம் மொட்டை. அவன் முடிந்தால் அவனைப் போல வேறு இரண்டு மூன்று பேர். சாவு, சாமி, ஆஸ்பத்திரி, கல்யாணம், படுக்கை என்று எதையும் விட்டுவைக்காத, நாக்கில் நரம்பில்லாத ஆட்கள். அவருக்குப் பாதி விளங்காது. அவள் பலகையில் எழுதி விளக்குவாள். எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஜோக் போய்விடும், ரிமோட்டை அமுக்கிப் பின்னால் போவாள். அவளுடைய புதுச் சிரிப்பை அவர் மெல்ல மெல்லப் படித்துக்கொண்டார். தோள் குலுங்கும். கை அவர் தொடையிலோ புஜத்திலோ பட்பட்டென்று விழும். கண்ணில் தண்ணீர் வரும். கடைசியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன்டா தம்பி, உடம்பு முடியாதவ இருக்கிற வீட்டுல கேக்குற பேச்சாடா இது? பெத்த அப்பன் செத்ததை வச்சுப் பொழைக்கிறான், அவனுக்கு ஒரு கைதட்டல் வேற."

அவள் பலகையை எடுத்தாள். 'அண்ணி, உங்க ஆளு காலையில சாவைப் பத்தித்தான் பேசுறாரு. இவன் சீக்கிரம் முடிச்சுடறான்.'

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். போனாலும் பாத்திரச் சத்தம் மட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வராது. கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அது வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆகி, அக்கா உள்ளறையில் படுத்திருந்தாள். மொட்டையின் புது நிகழ்ச்சி ஒன்று அந்த வாரம்தான் வந்திருந்தது. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. துணியை நனைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

"எங்க பாட்டி செத்தப்ப வந்தவங்க எல்லாரும் 'நல்ல சாவு, நல்ல சாவு'ங்கிறாங்க. இதுக்கு யாரு சார் மார்க் போடுறது? தூக்கத்துல போனா டிஸ்டிங்ஷன். ஐசியூல போனா ஜஸ்ட் பாஸ். எங்க சித்தப்பா மூணு தடவை போய்ட்டுத் திரும்பி வந்தாரு, சப்ளிமெண்டரி!"

மெக்கானிக்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் அவளும் குலுங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை அவர் புஜத்தில் பட்பட்டென்று விழுந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பாத்தியா, இந்தத் தடவை உனக்கு முன்னாடியே சிரிச்சேன்" என்றார். மொட்டை அதையே இழுத்துக்கொண்டு போனான். பாட்டிக்கு மறுகூட்டல் கேட்டான். அவள் கை இன்னும் வேகமாக விழுந்தது. பிறகு சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. பிறகு பிடி தளர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அக்கா வாசற்படியில் நின்று அலறினாள். "டேய், அவளைப் பாருடா!"

உதடு நீலம் பாரித்திருந்தது. கண் பாதி திறந்து, தலை சோபாவின் முதுகில் சாய்ந்திருந்தது. கழுத்துத் துணி அசையவில்லை. அக்கா டிவியை அணைத்தாள். அந்த நிசப்தத்தில்தான் அவருக்கு நர்ஸ் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உள்குழாயைத் திருகிக் கழற்றினார். அதன் வாயில் பிசின் மாதிரி ஒரு கட்டி இறுகி அடைத்திருந்தது. இன்னும் உள்ளே இருந்தது. உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெஷின் குழாயை உள்ளே செலுத்தினார். இரண்டாவது தடவையில் வந்தது. நெஞ்சு எக்கி ஏறியது. ஆம்புலன்ஸுக்கு அக்காதான் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் வயதில் சின்னவளான பெண் டாக்டர் ஒருத்தி கேட்டாள். "மூச்சு எவ்வளவு நேரம் நின்னிருக்கும்?"

"அரை நிமிஷம் இருக்கும் மேடம். உடனே பாத்துட்டேன்."

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர், டிவியைப் போட்டார். விட்ட இடத்திலிருந்து பார்க்கவா என்று அது கேட்டது. நாற்பத்து நான்காவது நிமிடம், முப்பதாவது வினாடி. அக்கா அணைத்த இடம். பின்னால் தள்ளிக்கொண்டே போனார். நல்ல சாவு ஜோக்கில் கூட்டம் கைதட்டியது நாற்பத்தொன்று பன்னிரண்டில். மூன்று நிமிடம் பதினெட்டு வினாடி. அதற்குப் பிறகு அவர் குழாயைக் கழற்றி, கட்டியை எடுத்த நேரம் தனி.

அங்கேயே நின்று நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். அவள் உண்மையாகவே சிரித்தது எந்த வரி வரை, எங்கே சிரிப்பு முடிந்து மூச்சு முட்டல் தொடங்கியது என்று கண்டுபிடித்துவிட வேண்டும்போல இருந்தது. மேடையில் இருந்தவன் அதே இடங்களில் நின்று அதே இடங்களில் புருவத்தை உயர்த்தினான். அவர் அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் அவர் ஞாபகத்திலும் அதற்கு விடை இல்லை.

இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் களைப்பு என்று நினைத்தார்கள். பிறகு வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. பலகையில் எழுதத் தொடங்கினால் இரண்டு எழுத்துக்கு மேல் போகவில்லை. 'தண்' என்று எழுதிவிட்டு, மீதி எங்கே போயிற்று என்பதுபோலப் பேனாவைப் பார்ப்பாள். இருந்த ஒரே வாயும் அடைத்துக்கொண்டிருந்தது.

அக்கா அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "தம்பி, நான் அன்னைக்கு உள்ள படுத்திருந்தேன். தூங்கல. உன் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. அரை நிமிஷம்னு ஏன்டா சொன்ன?"

"தெரியலக்கா. வாயில வந்துருச்சு."

"போய் உள்ளத சொல்லு."

"சொன்னா என்ன நெனைப்பாங்க?"

"என்ன வேணா நெனைக்கட்டும். அவங்களுக்குத் தெரியணும். போ."

போனார். டாக்டர் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை. காகிதத்தில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாத்திருப்போம். மூளைக்கு ஸ்கேன் எடுத்திருப்போம்."

"அப்ப இது வந்திருக்காதா மேடம்?"

"அதை என்னால சொல்ல முடியாதுங்க. வந்திருக்கலாம், வராமயும் இருந்திருக்கலாம்."

அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவே அவர் பல நாள் கிடந்தார். வேலையில் லிஃப்டுக் கூண்டின் மேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் விடும்போதும் அதுதான் ஓடியது. வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். கூடவே வேலை செய்பவன் ஒருமுறை கீழிருந்து, "அண்ணே, எத்தனை தடவ கூப்புடுறது, லிஃப்ட் சுவிட்ச ஆஃப் பண்ணாமயே மேல நிக்கிறீங்களே!" என்று கத்தினான். அந்த வாரமே இரண்டு மாத விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

டிவியை அவர் போடவில்லை. ஒரு சாயங்காலம் அவளே இடது கையால் ரிமோட்டைத் தேடி எடுத்து, பல தவறுகளுக்குப் பிறகு மொட்டையைக் கொண்டுவந்தாள். அக்கா சமையலறைக்குப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. கூட்டம் சிரித்து அடங்கியதும் இவர் முகத்தைப் பார்த்தாள், வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பதுபோல. ரிமோட்டை வாங்கி நிறுத்தினார்.

"இங்க பாரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ என்னை அடிச்சத, சிரிச்சுத்தான் அடிக்கிறன்னு நெனச்சேன். மூணு நிமிஷத்துக்கு மேல. நான் உன்னைத் திரும்பியே பாக்கல. டாக்டர்கிட்ட அரை நிமிஷம்னு பொய் சொன்னேன். அதனாலதானோ என்னமோ உன் கை..."

அவள் பலகையைக் கேட்டாள். மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதினாள். வெகு நேரம் ஆயிற்று. 'தெரி' என்பதோடு பேனா நின்றது.

"தெரியும்கிறியா? தெரியலங்கிறியா?" என்று கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டு ரிமோட்டுக்குக் கையை நீட்டினாள்.

"விடுடா தம்பி. அவளை இம்சை பண்ணாத" என்றாள் அக்கா.

அவர் ரிமோட்டைக் கொடுத்தார். பிறகு எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்து, டிவிக்கு முதுகு காட்டி, அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார். இப்போதும் அப்படித்தான். மேடையில் யார் என்ன சொல்கிறார்கள் என்பது அவர் முதுகுக்குப் பின்னால் கேட்கும். அவர் அவளுடைய கழுத்துத் துணி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை நனைப்பார். எப்போதாவது ஒரு நாள், காரணம் சொல்ல முடியாத ஏதோ ஓர் இடத்தில், அவள் தோள் லேசாக அசையும். உடனே கையைப் பிடித்து நகத்தின் நிறத்தைப் பார்ப்பார், உதட்டைப் பார்ப்பார், குழாயில் காது வைத்துக் கேட்பார். எல்லாம் சரியாக இருக்கும். அவர் பார்த்து முடிப்பதற்குள் அவள் சிரித்து முடித்திருப்பாள்.