ஆறு பாட்டில் எண்ணெய்

ஆறு ரயில் இன்ஜின்களிலும் குனிந்து எண்ணெய் மாதிரி எடுக்கச் சோம்பல்பட்டு, முதல் இன்ஜினிலிருந்தே ஆறு பாட்டில்களையும் நிரப்பி, வெவ்வேறு இன்ஜின் எண் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். இருபது வருஷ சர்வீஸ். எவன் கண்டுபிடிப்பான் என்ற திமிர். எண்ணெயில் இரும்புத்தூள் கூடினால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். அந்த இன்ஜினை ஓட்ட விடக்கூடாது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

மறுநாள் ஆய்வகத்து அம்மா கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணே, ஆறுலயும் இரும்பு ஒரே அளவு. புள்ளிகூட மாறல."

"எல்லாத்தையும் ஒரே மாதிரி பாத்துக்கறோம்ல" என்று இளித்தேன்.

அவர் ஆறாவது பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். வெளியே ஆறாவது இன்ஜின் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

"அந்த இன்ஜின்ல எண்ணெயே இல்லையே. முந்தாநாள் வடிச்சது நீங்கதானே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

"மூணாம் நம்பர் இன்ஜினை உங்க தம்பி ஓட்டிட்டுப் போயிருக்கார். அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்லிட்டேன். ஏன்னு கேக்கறார். நீங்களே சொல்லுங்க."

போனை நீட்டினார்.

"சொல்லுண்ணே" என்றான் தம்பி.