இடது கால்

அண்ணனின் வலது காலில் கம்பளிக் காலுறை சட்டென்று ஏறிவிட்டது. இடது காலில் கெண்டைச்சதையைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஏன், ஏறலியா?" என்று தலைமாட்டு விளக்கின் பக்கத்திலிருந்து அண்ணி கேட்டாள். "நல்லா இழுத்து விடு. அவருக்குக் குளிர் ஆகாது."

"ஏறிடும் அண்ணி."

ஏறவில்லை. தங்கை உறையைக் கணுக்காலோடு மடித்துவிட்டு, மேலே போர்வையை இழுத்து மூடினாள். அந்தக் காலைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அண்ணன் லாரி ஓட்டியவர். கொட்டுகிற பனியில் நாலு நாள் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஓட்டி, நேற்று மத்தியானம்தான் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாகக் கால் வலி என்று புலம்பல். தங்கைக்குப் பதினெட்டு வருஷமாக மசாஜ் நிலையத்தில் வேலை. குளிர்காலம் வந்தால் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. ரத்த ஓட்டம் கூடும், மூட்டு இறுக்கம் தளரும், நல்ல தூக்கம் வரும் என்று வாசல் பலகையில் எழுதி வைத்தவளே அவள்தான்.

"என்ன டாக்டரம்மா, ஊர்க்காலெல்லாம் அமுக்குறே. கூடப்பிறந்தவன் கால்னா மட்டும் கை வலிக்குமா?" என்று நேற்று ராத்திரி அண்ணன் கேலி செய்தார்.

எண்ணெயைச் சூடுபண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கால் ஐஸ்கட்டியாக இருந்தது. இடது கால் மட்டும் கதகதவென்று இருந்தது.

"பரவால்லண்ணே, இந்தக் கால்ல ரத்தம் நல்லா ஓடுது!"

ஐயோ, அதை வாய்விட்டு வேறு சொன்னாளே! எண்ணெயைத் தொடுவதற்கு முன் புறங்கையால் இரண்டு காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் சூடாக, வீங்கி இருந்தால் கை வைக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். சொந்த அண்ணன் காலுக்கு யார் அதையெல்லாம் யோசிப்பார்கள்? கெண்டைச்சதையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவினாள்.

"போன உயிர் திரும்பி வந்துச்சு டாக்டரம்மா," என்றார் அண்ணன்.

இன்று காலையில் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு மூச்சு வாங்கி விழுந்தார். அவ்வளவுதான்.

வந்து பார்த்த டாக்டர், "கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். கால்வலின்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"சொன்னார்," என்றாள் அண்ணி. "நான்தான் மாத்திரை போட்டுட்டுப் படுங்கன்னேன்."

தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டி தானாகவும் நகர்ந்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வாய் திறக்காமல் நின்றது அவளுக்குத் தெரியும்.

வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கடைசியா உன் கையால தேய்ச்சு விட்டியே, அந்த மட்டும் நிம்மதியாப் போனார்," என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தது. அண்ணி பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் தங்கையின் மடியில் நீட்டினாள்.

"மரத்துப்போச்சு. கொஞ்சம் தேய்ச்சு விடேன்."

தங்கை புறங்கையால் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலச் சில்லென்று இருந்தன.

"நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பார்," என்றாள் அண்ணி. "பாவி, நான்தான் கொன்னுட்டேன்."

"நீங்க இல்ல அண்ணி."

"வேற யாரு?"

"நேத்து அண்ணன் கால் ஒண்ணு மட்டும் சூடா இருந்துச்சு. அப்படி இருந்தா தேய்க்கவே கூடாது. எனக்குத் தெரியும் அண்ணி. தெரிஞ்சும் தேய்ச்சேன்."

சமையலறையில் யாரோ டம்ளர்களைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி பக்கத்தில் கிடந்த போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எந்தக் கால்?"

"இடது."

அண்ணி தன் இடது காலை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வலது கால் தங்கையின் மடியிலேயே இருந்தது.