ஆறாத கைத்தடம்

பாரிஸை ஒட்டிய மோன்த்ரேயில் ஜிப்சம் சுரங்கம் சரிந்து ஆன்செல்ம் கூபேர் உள்ளேயே போய்விட்டான். அன்று காலை அவன் பூசிய தோட்டச் சுவரில் பதிந்த அவன் கைத்தடம் அதற்கப்புறம் பல வருஷம் ஆறவில்லை. ஜிப்சத்தைச் சுட்டு இடித்த மாவில் தண்ணீர் கலந்த சாந்து இறுகும்போது சூடாகும், கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இது ஆறவில்லை, அவ்வளவுதான். அதையொட்டிச் சுவரில் ஆணியடித்துக் கட்டிய பீச் மரக் கிளை, கோடைக்குக் காத்திராமல் ஜனவரிக் குளிரிலேயே பழுத்தது. பாரிஸ் சந்தைக்காரர்கள் ருசியைப் பற்றி மட்டும் பேசி வாங்கிப்போனார்கள். உடலும் கிடைக்காமல் கல்லறையும் இல்லாமல் போனதால், அவன் மனைவி லெயோகாதிக்குப் புருஷன் என்று மிஞ்சியது அந்த ஐந்து விரல்தான். சாயங்காலம் அதில் கன்னத்தை வைத்து நிற்பாள். ஏக்கம் தீராது, ஆனாலும் நிற்பாள்.

ஜிப்சத்துக்கு ஒரு கெட்ட குணம், மழையில் கரையும். சுவர் உச்சியில் ஓடு உடைந்த வருஷம் சுண்டுவிரல் அழிந்தது, அடுத்த வருஷம் மோதிர விரல். சூடும் இறங்கியது. சூளைக்காரனான கொழுந்தன் ஃபிர்மேன் வந்து தொட்டுப் பார்த்தான்.

"பேத்து இடிச்சு, மறுபடி சுட்டா பழைய மாவாயிடும் அண்ணி. ஆனா தீ கூடிச்சுன்னா மாவு செத்துடும். அப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும் இறுகாது. அண்ணனை ரெண்டாந்தரம் பறிகொடுக்கணும்."

"சும்மா விட்டாலும் போகத்தானே போறாரு. வாயை மூடிட்டுத் தீயைப் பாரு."

மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இடித்தார்கள், இளந்தீயில் வறுத்தார்கள். சாந்துக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகக் கிளம்பி, சிறு மேகமாகி, அவள் முற்றத்தில் மட்டும் மழையாகப் பெய்தது. அவன் அன்றைக்குக் கலந்த தண்ணீர்தானே. நனைந்தபடி அழுதுகொண்டே வாளியில் பிடித்தாள். அதில் மாவைத் தூவிக் கலக்கி, பழைய இடத்திலேயே பூசி, தன் கையை அழுத்தினாள்.

"எடுங்க அண்ணி, சூடேறினா கை வெந்துடும்."

"ஏறட்டும்."

ஏறியது. ஃபிர்மேன் இழுத்து எடுத்தபோது கை சிவந்திருந்தது. சுவரில் அவள் தடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஆன்செல்மின் ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

இறுகும்போது ஜிப்சம் மயிரிழை அளவு விரியும். இந்தச் சுவர் விரிவதை நிறுத்தவில்லை போலிருக்கிறது. வருஷா வருஷம் இரண்டு தடமும் விரிந்து விரிந்து நெருங்கி வந்தன. லெயோகாதி இறந்த குளிர்காலத்தில் சுண்டுவிரல்கள் கோத்துக்கொண்டன. கிளை கட்டுகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் ஆணி அடிப்பதில்லை.