காற்றின் மேல் போட்ட பழி

நாலு மணி மழையில் மேட்டு வீடுகளில் மின்சாரம் போனது. மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்வது எப்போதும் ஆக்னஸ்தான். காரணம் கேட்டால், "பலத்த காத்து" என்பாள். தன் வாசல் பலாமரம் கம்பியில் உரசுவதை மட்டும் சொல்லமாட்டாள்; சொன்னால் மரத்தை வெட்டிவிடுவார்கள். எஸ்டேட்டுக்கு மின்சாரம் தரும் எஞ்சின் நின்றுபோகும் அந்தக் காலத்தில், இப்போது உயிரோடில்லாத அவள் கணவர் ஆரோக்கியநாதன் அதன் தாழ்ந்த கிளையில் அரிக்கேன் விளக்கை மாட்டுவார். லயத்து வீட்டுச் சனமே அங்கே கூடிச் சிரிக்கும்.

அடுத்த வீட்டு சைதூன் பீவி வந்து நின்றாள்.

"என் ஐஸ்பெட்டியில இன்சுலின் இருக்கு, ஆக்னஸ். போன தடவ கரண்டு ஆளுங்க நீ சொன்ன காத்தத் தேடியே ரெண்டு நாளாக்குனானுங்க. காத்து இந்நேரம் பகாவ் டவுன்ல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கும் லா!"

ஆக்னஸுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. போனை எடுத்தாள்.

"மரந்தான் தம்பி. எங்க வீட்டுப் பலா, கம்பி மேல சாஞ்சிருக்கு. மரம் அறுக்குற வாளோட வாங்க."

"வெட்டிரலாமா, ஆன்ட்டி?"

"மேல கம்பியத் தொடுறத எல்லாம் வெட்டுங்க. கீழ ஒரு கிளை இருக்கு, அத விட்டுருங்க. அதுல விளக்கு மாட்டணும்."

ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் சைதூன் பீவி தன் வீட்டுப் பழைய அரிக்கேனைத் துடைத்து எடுத்து வந்தாள்.

"மாட்டு லா. வர்றவங்களுக்கு எந்தக் கிளைன்னு தெரிய வேணாமா?"