சுற்றுகிற நட்டு

பார்சல் வண்டியாக ஓடிக் களைத்துப்போன அந்த வேனுக்குள் சின்னவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரில் போட்ட ஓட்டையின் பிசிறை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவளுடைய அக்காவின் கணவர் யாரிடமோ போனில் அளந்துகொண்டிருந்தார். கொழுந்தியா வீடு கட்டுகிறாள், சக்கரம் வைத்த வீடு, வீட்டுக்காரன் எவனும் வந்து கதவைத் தட்ட முடியாது, தட்டினால் வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று. இடிபட்டு நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் ஷெட் அவருடையது. ஊரில் அவரை டிங்கர் என்றால்தான் தெரியும். வேன் நிற்பதும் அவருடைய ஷெட்டில்தான் என்பதால் சின்னவள் பொறுத்துக்கொண்டாள். அரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள். படித்த படிப்புக்குப் பொருத்தமாக, பம்ப் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையும் கிடைத்துவிட்டது. கிடைக்காதது தொழிற்சாலை இருக்கிற ஊரில் தங்க ஒரு அறை. போன இடத்தில் எல்லாம் அவளைத்தான் தரம் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்காரம்மா, உன்னைப் பார்க்க ஆண்கள் யாராவது வருவார்களா என்றாள். அக்கா வீட்டுக்காரர் எப்போதாவது வரலாம் என்று இவள் சொல்ல, அப்படியென்றால் வருவார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொரு பெரியவர் நைட் ஷிப்ட் உண்டா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது ஆள் மரியாதையாகத்தான் பேசினார். அப்பா என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். அரை நிமிடம் முன்புவரை காலியாக இருந்த அறைக்கு உடனே ஆள் வந்துவிட்டது.

தொழிற்சாலை மேனேஜர் மட்டும், வண்டியில் தங்கிக்கொள்வதென்றால் காம்பவுண்டுக்குள் செக்யூரிட்டி அறைப் பக்கம் நிறுத்திக்கொள்ளலாம், குழாய் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது என்றார். திங்கள்கிழமை காலையில் வேலையில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேன் ஓடுகிற நிலைக்கு வரவில்லை என்றால், டைல்ஸ் கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் கண்டிஷன். அந்தக் கடைக்காரர் டிங்கரின் வாடிக்கையாளர். நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வேன் சுவரில் ஒரு தொல்லை உண்டு. உள்தகரம் நம் பக்கம், வெளித்தகரம் ரோட்டுப் பக்கம், நடுவில் இருக்கிற இடுக்கில் விரல்கூட நுழையாது. தகரம் மெல்லியது, அதில் மரை போட்டால் நிற்காது. பின்னால் நட்டு வைத்து முடுக்கலாம் என்றால் பின்னால் போக வழியே இல்லை. அதற்குத்தான் ரிவெட் நட்டு. ஒரு முனையில் விளிம்பும் உள்ளே மரையும் உள்ள சின்னக் குழல் அது. ஓட்டையில் செருகி, அதற்கென்றே உள்ள, இடுக்கி மாதிரிக் கைப்பிடி வைத்த ரிவெட் கன்னை மாட்டி இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில் குழல் உப்பித் தொப்பை போடும். விளிம்பும் தொப்பையும் சேர்ந்து தகரத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதா என்று எட்டிப் பார்க்க முடியாது. கன்னின் கைப்பிடி இறுகுவதை வைத்து நம்ப வேண்டியதுதான்.

அந்த நட்டுகளில்தான் கட்டிலின் இரும்புச் சட்டம் நிற்க வேண்டும். கட்டிலுக்கு அடியில், அதே சட்டத்தோடு சேர்த்து, தண்ணீர் டாங்கியும் பேட்டரியும். சட்டம் கழன்றால் முதல் பிரேக்கிலேயே மொத்தமும் ஓட்டுகிறவள் முதுகில் வந்து இறங்கும்.

வியாழக்கிழமை ஓட்டை எல்லாம் போட்டு, வெட்டிய விளிம்புகளுக்குத் துருப்பிடிக்காமல் பிரைமர் தடவிக் காய வைத்தாள். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் உடம்பைச் சோதிக்க வரச் சொல்லியிருந்தார்கள். போய்விட்டு மத்தியானம் திரும்பினால், வேனுக்குள் அக்கா.

வேன் வந்த நாளிலிருந்து அக்கா அதன் பக்கம் திரும்பியதில்லை. ஷெட்டின் முன்னறையில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் கண்ணாடிக்கு பிலிமும் ஒட்டுவது அவள் வேலை. அந்த அறையிலிருந்து வேன் தெரிகிறது என்று நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டவள். அவள் இப்போது நெற்றியில் கரியோடு உள்ளே நின்றாள். சத்தம் அடக்குவதற்காக வாங்கி வைத்திருந்த தார் ஷீட்டை, ஒரு பக்கம் வெள்ளித்தாளும் மறுபக்கம் பிசுபிசுப்புமாக இருக்குமே அதை, சுவர் முழுக்க ஒட்டி முடித்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக்குமிழி இல்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராக பிளேடால் வட்டம் கீறி எடுத்திருந்தாள். ஓட்டை எந்த அளவோ அதே அளவு.

"நல்லாருக்கா?" என்றாள்.

முதலில் நட்டு, பிறகு சட்டம், ஷீட்டு அதைச் சுற்றி என்பதுதான் சின்னவளின் திட்டம். சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா நெற்றிக் கரியைப் புறங்கையால் துடைக்கப் போய் இன்னும் அப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது. நல்லாருக்கு என்றாள். அதன் பிறகு கணக்குப் போட்டாள். தகரத்தின் தடிமன், அதோடு ஷீட்டின் தடிமன், கூட்டினால் வருவதற்கு ஒரு சைஸ் நீளமான நட்டு. பெட்டியில் அதுவும் இருந்தது. கூட்டலில் பிசகு இல்லை. பொழுது சாய்வதற்குள் எல்லா நட்டும் ஏறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி இறுகத்தான் செய்தது.

சனிக்கிழமை உச்சி வெயிலில் வேன் அடுப்பாகக் காய்ந்தது. சட்டத்தைத் தூக்கிப் பொருத்தி, போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, ஸ்பானர் போட்டுக் கடைசி முடுக்கு முடுக்கினாள். போல்ட் இறுகியது, பிறகு இளகியது, பிறகு சும்மா சுற்றியது. அடுத்ததைப் பிடித்தாள். அதுவும் சுற்றியது. மூன்றாவதுக்குப் போகும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நட்டின் விளிம்பு கவ்வியது தகரத்தை அல்ல, தாரை. வெயிலில் தார் இளகியதும் வெண்ணெயில் செருகிய குச்சி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மாட்டிய போல்ட்டை இனி முடுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. திருப்பினால் நட்டும் கூடவே திரும்பும்.

டிங்கர் உள்ளே தலையை நீட்டி, ஒரு போல்ட்டை விரலாலேயே சுற்றிப் பார்த்தார். மாமியார் வீட்டுக்குப் போகிறவள்கூட இத்தனை ஏற்பாடு செய்துவிட்டுப் போனதில்லை, அதுதான் திருஷ்டி பட்டுவிட்டது என்றார். சின்னவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் பசையை ஊற்றிவிட்டால் தொழிற்சாலை வரை தாங்கும் என்றார். தொழிற்சாலையில் பிரேக்கே போடாமல் சுவரில் மோதி நிறுத்தட்டுமா மாமா என்று சின்னவள் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, டைல்ஸ் கடைக்காரர் திங்கள் வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார் என்றார். சொன்ன பிறகுதான் இப்போது அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஏதோ பெயின்ட் காய்கிறது என்று முனகிவிட்டு நழுவினார்.

சத்தம் கேட்டு அக்கா வந்து கதவோரம் நின்றாள். சின்னவளுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. வீட்டுக்காரர்கள் மேல் இருந்தது, டைல்ஸ் கடை மேல் இருந்தது, கூட்டலைச் சரியாகப் போட்ட தன் மேல் இருந்தது. எல்லாம் சேர்ந்து பக்கத்தில் நின்றவள் தலையில் இறங்கியது.

"நான் போகக் கூடாதுன்னுதானே ஒட்டின?"

 அக்கா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனாள். சின்னவள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும், அப்புறம் வேலை ஓடாது.

கொஞ்ச நேரத்தில் அக்கா திரும்பி வந்தாள். ஒரு கையில் தலைமுடி காய வைக்கும் டிரையர், இன்னொரு கையில் பிளேடும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும். எந்த இடத்தில் உரிக்கணும், கோடு போடு என்றாள். சின்னவள் சட்டம் உட்காரும் இடத்துக்கு மார்க்கரால் இரண்டு கோடு இழுத்தாள். அக்கா சூடு காட்டி, பிளேடு விட்டு, தான் ஒட்டியதைத் தானே பட்டை பட்டையாக உரித்து எடுத்தாள். சட்டத்துக்கு அடியில் சிக்கியது மட்டும் அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒட்டும்போது இருந்த அதே பொறுமை உரிக்கும்போதும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் சின்னவளால் முடியவில்லை.

போல்ட்டுகளைக் கழற்றுவது பெரும்பாடாக இருந்தது. ஒருத்தி சட்டத்துக்குப் பின்னால் கடப்பாரை மாதிரி ஒரு பட்டையைக் கொடுத்து நெம்பிப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பில் நட்டு தகரத்தில் அழுந்தி நிற்கும் நேரத்தில் இன்னொருத்தி போல்ட்டைத் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நட்டையே அறுக்க வேண்டும். டிரில் வைத்தால் அதுவும் கூடவே சுற்றியது. விளிம்பின் இரண்டு ஓரத்தையும் அரத்தால் தட்டையாகத் தேய்த்து, கிரிப் பிளையரால் கவ்விக்கொண்டால்தான் டிரில் இறங்கியது. பிளையரை அக்கா பிடித்தாள். ஸ்டிக்கர் ஒட்டுகிற கை, நடுங்காது. விளிம்பு அறுந்து மோதிரம் போல டிரில்லோடு வெளியே வந்தது. மிச்சம் இடுக்குக்குள் விழுந்தது. அதைக் கம்பி நுனியில் காந்தம் கட்டி, கீழே இருந்த ஓட்டை வழியாகத் துழாவி எடுத்தார்கள்.

இப்படி ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. இடையில் அம்மா போன் செய்தாள். அக்கா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வேலை நடக்குது, வைம்மா என்றாள். எந்த வேலை எந்தத் திசையில் நடக்கிறது என்று சொல்லவில்லை.

டிரில் நின்ற ஒரு இடைவெளியில், பிளையரை விடாமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு அக்கா பேசினாள்.

"வேணும்னு ஒட்டல. சத்தியமா எனக்கு அது தெரியாது. உனக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சு, எனக்குத் தெரிஞ்சது ஒட்டுறது."

சின்னவள் தெரியும் என்றாள். அப்படிக் கேட்டது தப்பு என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அக்கா குறுக்கிட்டாள்.

"இரு, முடிக்கல. நட்டு சுத்துதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. ஒரு நிமிஷம்தான். அதனாலதான் உள்ள போயிட்டேன்."

வேனுக்குள் தார் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் நிறைந்திருந்தன. சின்னவள் டிரில் பிட்டில் மாட்டியிருந்த மோதிரத்தைத் தட்டி உதறினாள்.

"நானும் உரிக்கச் சொல்லியிருக்கலாம்," என்றாள். "உன் மூஞ்சியப் பார்த்துட்டு வாயை மூடிட்டேன். எனக்குத் தெரிஞ்சது கணக்கு, அதப் போட்டு சமாளிச்சேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் மூளை இல்ல."

"உனக்குக் கொஞ்சம் கம்மி."

அக்கா பிளையரைத் திருகி, இவள் விரலில் படுகிற மாதிரி ஒரு இடி இடித்தாள். மறுபடி டிரில் ஓடியது.

பெரிதாகிப்போன ஓட்டைகளுக்கு ஒரு சைஸ் பெரிய நட்டு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிங்கர், யாரும் கேட்காமலே, மூடிக் கிடந்த போல்ட் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, அவருடைய மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, நட்டுகளோடு வந்தார். கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய மன்னிப்பு.

இந்தத் தடவை சின்னவள் கைவிரலால் ஓட்டையைச் சுற்றித் தடவி, வெறும் தகரம்தான் என்று பார்த்த பிறகே ஒவ்வொரு நட்டையும் செருகினாள். கன்னை இழுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட்டை விட்டு ஸ்பானர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகிப் பார்த்தாள். கல்லில் முட்டினது போல் நின்றது. பின்பக்கத்து இடது மூலையில் மட்டும் ஓட்டை கோணலாகக் கிழிந்து, எந்த நட்டும் நிற்காது போலிருந்தது. அதை விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளிச் சட்டத்திலும் சுவரிலும் புதிதாகத் துளை போட்டாள். சட்டம் ஏறியது. டாங்கி ஏறியது. பேட்டரி ஏறியது. கட்டில் பலகையும் மெத்தையும் ஏறிய பிறகு பார்த்தால் ஒரு நட்டுகூட வெளியே தெரியவில்லை. இரண்டு நாள் பட்ட பாடு முழுக்கச் சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். சும்மா பார்த்தால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறி, கட்டிலில் நீட்டிப் படுத்தாள். மெயின் ரோடு வரை வந்து பார்க்கிறேன், அவர் பைக்கில் பின்னால் வரட்டும், அங்கே இறங்கிக்கொள்கிறேன் என்றாள். சின்னவள் டாங்கியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். வெற்று டாங்கியோடு ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஷெட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற பாதையை யார் போட்டார்களோ, போட்ட பிறகு திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சின்னவள் ஒரு பள்ளத்தையும் விடவில்லை, வேண்டுமென்றே எல்லாவற்றிலும் இறக்கி ஏற்றினாள். ஒரு இடத்தில் வேகம் கூட்டி, சட்டென்று பிரேக்கை மிதித்தாள். டாங்கிக்குள் தண்ணீர் மோதித் தளும்பியது. முதுகில் எதுவும் வந்து விழவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. "அசையல."

"டாங்கி?"

"தண்ணிதான் ஆடுது. சட்டம் ஆடல. கை வச்சுப் பிடிச்சிருக்கேன்."

மெயின் ரோட்டு முனையில் வண்டியை ஓரம் கட்டினாள். கண்ணாடியில் டிங்கரின் பைக் வந்து நிற்பது தெரிந்தது. அக்கா இறங்கவில்லை. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா படுத்தபடியே, வெள்ளித்தாள் மினுங்கும் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இடது மூலை எனக்குச் சரியா கேக்கல," என்றாள் அக்கா. "இன்னொரு ரவுண்டு போயிட்டு வருவமா?"

இடது மூலையில் எந்தக் குறையும் இல்லை. அங்கே புதிதாகத் துளைத்துப் போட்ட நட்டைத்தான் சின்னவள் எல்லாவற்றையும் விட முரட்டுத்தனமாகத் திருகிப் பார்த்திருந்தாள். தொழிற்சாலை கேட்டை இருட்டுவதற்குள் பிடிக்க வேண்டும். டீசல் வேறு வீண்.

டீசல் வீண் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்து, வந்த வழியிலேயே வண்டியைத் திருப்பினாள். டிங்கர் ஒன்றும் புரியாமல், பைக்கை உருட்டி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.