ஹமீது பீவியின் உலக்கை

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பாரவண்டிச் சக்கரம் ஏறி நசுங்கியதை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் அது. ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். மேனேஜராக இருந்த பாதிரியார் ஐயரவர்கள் நாலு மாதம் பொறுத்துப் பார்த்தார்.

"அப்பாத்துரை, ஒரு மாச லீவு முடிஞ்சு திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது நீர் நின்னு பாடம் நடத்தணும். இல்லன்னா வேற ஆளப் போட வேண்டியதுதான்" என்றார்.

இரண்டு கக்கத்திலும் கம்பை இடுக்கிக்கொண்டவன் கரும்பலகையில் எந்தக் கையால் எழுதுவான்? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

ஏரல் ஜவுளிக்கடை ஷேக் மைதீன் அண்ணாச்சிதான் வழி சொன்னார். "அம்பாசமுத்திரத்துக்கு மேக்க, மலையடியில பாறையடிப்புதூர்னு ஒரு ஊரு. அங்க நூகு லெப்பை கடையாத காலு கிடையாது வே. உம்ம நல்ல கால நூலால அளந்து குடும், நான் அனுப்பி வைக்கேன்."

நூலில் முடிச்சுப் போட்டு அளவு கொடுத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கால் தயார், வெள்ளிக்கிழமை வரலாம்.

நானும் என் மனைவி சாலோமியும் அம்பாசமுத்திரம் வரை ரயிலிலும் அப்புறம் மாட்டுவண்டியிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். தெரு முழுக்கக் கடைசல் பட்டறைகள், அரக்கு வாசனை. ஊருக்கு மேலே பாறையில் ஓர் அவுலியாவின் தர்கா. படியேறுகிற கூட்டத்தில் எல்லாச் சாதி சனமும் இருந்தது. நூகு லெப்பை வீட்டில் எங்களை உட்கார வைத்து, இலையில் சர்க்கரைச் சோறு கொடுத்து உபசரித்தார்கள். பிறகு நூகு லெப்பை ஒரு தாம்பாளத்தில் பச்சைத் துணி சுற்றிய காலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அழகான கால்தான். ஐந்து விரல், விரலுக்கு நகம், புறங்காலில் நரம்புகூட இருந்தது. தூக்கினால் அப்பளம் போல லேசாக இருந்தது. மேற்பக்கம் தட்டையாக இழைத்திருந்தது.

"இதுல எங்கன கால நுழைக்க?" என்று கேட்டேன்.

லெப்பை விழித்தார். "நுழைக்கவா? இத மேல கொண்டுபோய்க் கட்டணும்லா?"

அப்புறம்தான் விளங்கியது. கை வலிக்காரர் கையையும் கால் வலிக்காரர் காலையும் நூலில் அளந்து அனுப்புவார்கள். இவர் அதே அளவில் மரத்தில் கடைந்து கொடுப்பார். அதைத் தர்காவில் காணிக்கையாகக் கட்டுவார்கள். அதுதான் அந்த ஊர் வழக்கம். நூலைக் கண்டதும் நானும் ஒரு நேர்ச்சைக்காரன் என்று நினைத்துவிட்டார்.

"எங்க சபையில நேர்ச்சையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இதக் கொண்டுபோய் அடுப்புல வையும்" என்று கத்தினேன்.

"தின்ன சர்க்கரைச் சோறு இன்னும் தொண்டையில இறங்கல, அதுக்குள்ள உங்களுக்கு வாய் வந்துட்டு" என்று சாலோமி என் காதுக்குள் சொன்னாள்.

லெப்பையின் முகம் செத்துப்போனது. "நின்னு நடக்குத கால் நான் செஞ்சதே இல்லையே, வாத்தியாரய்யா" என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அது. திங்கட்கிழமையோடு என் வேலை போகப்போகிறது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. லெப்பையின் மனைவி ஹமீது பீவி. "ஏங்க, பாவம், அவுக நடக்க வந்திருக்காக. பாத்துச் செஞ்சு குடுங்க."

"ஏளா, பச்சக் கட்டை ரெண்டு நாளுல காயுமா? கால வச்சா வெடிச்சிரும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கு வழியாக ஓர் உலக்கை உருண்டு வந்தது. "இருவது வருசம் காஞ்சது இது. பூண்கூட இருக்கு."

அவள் கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த உலக்கை. பத்து நாளில் தர்காவில் கந்தூரித் திருவிழா; வீட்டில் இடிக்க வேண்டிய மாவெல்லாம் கிடந்தது. சாலோமி பதறிப்போய் வேண்டாம் என்றாள்.

"மாவு இடிக்க நாலு வீட்டுல உலக்கை இருக்கு. அவுகளுக்குக் காலு எந்த வீட்டுல இருக்கு?" என்றாள் ஹமீது பீவி.

லெப்பை கையிலிருந்த கந்தூரி வேலையை எல்லாம் ஓரங்கட்டினார். உலக்கையை அறுத்துக் கடைந்தார். வண்டிக்குதிரைக்குச் சேணம் தைக்கிறவர் வந்து, தோலில் கிண்ணம் போலத் தைத்து உள்ளே இலவம்பஞ்சு திணித்தார். அடியில் அதே இரும்புப் பூண். ஞாயிற்றுக்கிழமை காலையில், வேதக்கோயிலுக்குப் போகாமல், அந்தத் தெருவில் நடை பழகினேன். இரண்டு தரம் விழுந்தேன். "பைய, பைய" என்று தெருவே என்னோடு நடந்தது. மத்தியானம் நானாக நடந்துபோய் வண்டியில் ஏறினேன்.

திங்கட்கிழமை நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். ஐயரவர்கள் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனார். வேலை நிலைத்தது.

மறுவருஷம் கந்தூரிக்கு ஒரு புது உலக்கை வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். தெருமுனையிலேயே இறங்கி நடந்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏங்க, வாத்தியாரய்யா வாராக. என் உலக்கைச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

சாலோமி உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். லெப்பை என்னைப் பாறைமேல் கூட்டிப்போனார். அறுபது படி. மேலே, கட்டித் தொங்கிய கைகால்களுக்கு நடுவில், நகமும் நரம்புமாக என் கால் இருந்தது.

"அடுப்புல வைக்கச் சொன்னீங்க. மனசு வரல" என்றார் லெப்பை. "அந்தத் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குத நேரத்துக்கு நான்தான் கொண்டாந்து கட்டுனேன். நீங்க நிக்கணும்னு நேந்துக்கிட்டேன்."

நான் கரும்பலகை முன்னால் பயந்துகொண்டு நின்ற அதே நேரத்தில், நான் திட்டிவிட்டு வந்த மனுஷன் எனக்காக இங்கே நின்றிருக்கிறார். அவர் மனைவியின் உலக்கையில் நின்றுகொண்டு, அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.