காற்றுக் குளியல்

அவன் எழுந்தான். போர்வையை மடித்தான். பல் துலக்கினான். ஈரக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி விரித்துப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. வேலைக்குப் போன நாட்களில் அதில் வெளிர்பச்சைக் கறை இருக்கும். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டினான். மனைவி இறந்த பிறகு இன்றுதான் மறுபடி ஆலைக்குக் கிளம்புகிறான்.

வாசலில் மச்சினி காத்திருந்தாள். அக்கா போன பிறகு அதே ஆலையில் சேர்ந்தவள். பேக்கிங் பிரிவு என்று சொல்லியிருந்தாள்.

"மெதுவா ஓட்டுங்க மாமா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்று ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். அவன் சிரிக்கவில்லை.

அது ரீசார்ஜ் பேட்டரிகளுக்குத் தகடு செய்யும் ஆலை. சல்லடை போன்ற தகடுகளில் நிக்கல் கலந்த பச்சைப் பொடியை அடைப்பார்கள். படித்தவன் என்பதால் அவனுக்குக் கண்ணாடி அறை, பொடியின் ஈரம் பார்க்கும் வேலை. மனைவிக்குப் பொடியறை.

மாலை மணி அடித்ததும் பொடியறைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கம்ப்ரசர் குழாயைத் திறந்து, உடையில் படிந்த பொடியைக் காற்றால் அடித்து விரட்டுவார்கள். காற்றுக் குளியல் என்று அதற்குப் பெயர். வீட்டில் பிள்ளைகள் மடியில் ஏறும், அதுகள் மேல் ஒட்டக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். குழாய் பிடிப்பது அவன் மனைவி. எல்லோரும் 'புயல்' என்று கூப்பிடுவார்கள்.

"கையத் தூக்குய்யா, உன் அக்குள்ல பாதி ஆலை இருக்கு" என்பாள். அறையே சிரிக்கும். மற்றவர்கள் நொடியில் குளித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அந்தப் பச்சை மேகத்துக்கு நடுவில் கடைசி வரை நின்றவள் அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் இருமலில் ரத்தம் வந்தது. பீடி, சிகரெட் புகை படாத நுரையீரலில் கட்டி. செய்தி கேட்ட அன்று ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடியை அவன் வெறுங்கையால் குத்தி உடைத்தான். டாக்டரம்மா பதறவில்லை. அவன் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசினார். கட்டிலில் இருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொடியை நுரையீரல் செல் ஏதோ தீனின்னு விழுங்கிடும். உள்ள போய்க் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். கரைஞ்ச நிக்கல், வீடு புகுந்த ரவுடி மாதிரி. எடுத்த எடுப்புல கொல்லாது. செல்லு கண்டபடி பெருகாமத் தடுக்கற ஜீன் இருக்கே, காவல்காரன், மொதல்ல அவன் வாயில துணியை அடைக்கும். ஆளு அங்கயேதான் இருப்பான், சத்தம் வராது. அப்புறம் டி.என்.ஏ. கீறலைச் சரிபண்ற ரிப்பேர்காரங்க கையை உடைக்கும். மூச்சு முட்டுதுன்னு செல்லையே நம்பவும் வைக்கும். அது பதறிப்போய்ப் புது ரத்தக்குழாயெல்லாம் இழுத்துக்கும். இப்படிக் கெட்ட செல்லுங்க பெருகிப் பெருகித்தான் கட்டி."

"எல்லாருக்கும் வருமா?" என்று அவள் கேட்டாள்.

"வராது. யாருக்கு வரும்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. மூச்சுல போறது ஏற ஏற ஆபத்தும் ஏறும்."

இன்று மாலை மணி அடித்தது. பொடியறையில் சிரிப்பு கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். குழாய் மச்சினியின் கையில் இருந்தது. முகத்தில் ஒரு துணிகூட இல்லை.

"கீழ போடு அதை!"

"அக்கா இடத்தை எனக்குக் குடுத்திருக்காங்க மாமா. உண்மையச் சொன்னா விட மாட்டீங்கன்னுதான்..."

அவன் குழாயைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. மணிக்கட்டை முறுக்கினான். அவள் அலறினாள். பொடியறை மேஸ்திரி குறுக்கே வந்து விழுந்தார்.

"பொண்டாட்டி செத்த வெறிய இங்க காட்டாதய்யா! காத்து அடிச்சு எவன் செத்தான்? இத்தனை வருஷமா நான் குத்துக்கல்லாட்டம் நிக்கல?"

அவன் மேஸ்திரியின் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்தது. இரண்டு பேர் அவனைத் தூக்கிச் சுவரில் அறைந்தார்கள். தலை வெடித்தது போல் இருந்தது. ஒருவன் அவன் விலாவில் முழங்காலை இறக்கினான். அவன் திமிறி, கையில் கிடைத்த ஸ்பானரை எடுத்து, குழாய் கம்ப்ரசரோடு சேரும் மூட்டில் அடித்தான். மறுபடி அடித்தான். மூட்டு தெறித்தது. சீறிப் பறந்த பித்தளை முனை அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போய்ப் பொடித் தொட்டியைச் சாய்த்தது. அறை முழுக்கப் பச்சை. இருமிக்கொண்டே எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். யாரோ கம்ப்ரசரை நிறுத்தினார்கள்.

மேஸ்திரி தரையில் துப்பினார். எச்சிலில் ரத்தம். ரத்தத்தில் பச்சை. மறுபடி துப்பினார். மறுபடியும் பச்சை.

மச்சினி துப்பட்டாவை நனைத்து வந்து அவன் கன்னத்தைத் துடைத்தாள். துணியைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினாள். துணியில் ரத்தத்தோடு பச்சை.

"ஊதினா பொடி எங்கயும் போகல. சட்டையில இருந்தது மூச்சுக்குள்ள போகுது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு நெஞ்சுக்குள்ள கொண்டுபோறோம். இனிமே குழாய் கிடையாது. பொடியை உறிஞ்சற மெஷின், துடைக்க ஈரத்துணி, முகத்துக்குச் சரியான மாஸ்க், துணியை இங்கயே மாத்திட்டுப் போக ஒரு ரூம். இதைக் குடுக்கறவரைக்கும் அந்த அறைக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது. வேலைக்கு வந்தவங்க உசுரோட வீட்டுக்குப் போகணும். அதைக் கேக்கறது தப்பே இல்ல."

மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "மொதலாளிகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

அவன் தரையில் உட்கார்ந்தான். கன்னத்திலிருந்து ரத்தம் சட்டைக்கு இறங்கியது. கடைசியாக மனைவி என்ன சொன்னாள் என்று ஊரே அவனைக் கேட்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். சொன்னாள். மூச்சுக்கு மூச்சு நின்று, அவனிடம் கேட்டாள்.

"இப்ப குழாயை யாரு புடிக்கிறா?"